கல்வாழைக்கு வந்த வடிவான நோய்

எங்கள் ஒழுங்கை பிரதான வீதியில் தொடங்கி, உள்துறைமுகத் தண்ணீரைப் பார்த்தபடி இறங்கி, கடைசியில் ஒரு மதிலோடு முட்டி நிற்கும். பதினொரு வீடுகள். எங்களுடையது ஆறாவது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சரிபார்ப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு எண்ணிக்கொள் என்று எந்தக் கப்பலும் வீட்டு வாசலுக்கு வரவில்லை. ஆகவே காலையில் முன்வளவுக் கல்வாழைகளை எண்ணுவேன். படலையிலிருந்து வாசல்வரை நடைபாதையின் இரு கரையிலும், கரைக்குப் பதின்மூன்றாக இருபத்தாறு. இருபத்தாறுதான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் எண்ணி முடிக்காமல் தேத்தண்ணீர் தொண்டையால் இறங்காது.

கல்வாழை என்பது வாழையைப் போல அகன்ற இலையுள்ள பூச்செடி. குலை போடாது. சிவப்பாகப் பூக்கும். ஒருமுறை கிழங்கை ஊன்றிவிட்டால் மண்ணுக்கடியில் தானாகப் பெருகி வருடக்கணக்காக நிற்கும். வெயிலுக்கும் சாகாது, உப்புக்காற்றுக்கும் சாகாது. கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் வரும் மான்கள் நுனியைக் கடித்துவிட்டுப் போனாலும் மறுபடி துளிர்க்கும். இந்தச் செடிக்கு ஒரு நோய் வரும் என்று நான் கவலைப்பட்டதே இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டிருக்கிறேன்.

முதலில் இடக்கரையில் ஐந்தாவது செடியில்தான் கண்டேன். ஒரு இலையில் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை ஓடும் மஞ்சள் வரிகள். ஒரு பாதியில் பதினாறு, மறுபாதியில் பதினொன்று. அடுத்து வந்த இலையில் வரிகளை எண்ண முடியவில்லை, ஒன்றோடொன்று கலந்திருந்தன. மூன்றாவது இலை விரியும்போதே பச்சைப் பட்டில் மஞ்சள் சரிகை ஓடியதுபோல வந்தது. குசினியில் நின்ற மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, அப்படியே நின்றாள்.

“இஞ்சாருங்கோ, எவ்வளவு வடிவு!”

“வடிவு இல்லையப்பா. நோய்.”

“உங்களுக்கு எதைப் பார்த்தாலும் நோய்தான். போன மாதம் என்ர முழங்காலைப் பார்த்தும் இதைத்தானே சொன்னனீங்கள்.”

முழங்காலைப் பற்றி நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதை அப்போது எடுத்துக் கதைக்கவில்லை.

வரி போட்ட செடிகள் இரண்டாகி, ஐந்தாகி, ஒன்பதாயின. ஒழுங்கையால் போகிறவர்கள் எங்கள் படலையில் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். அவ்வளவு காலமும் அந்த இருபத்தாறு செடிகளையும் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற பொலிஸ் சார்ஜன் ஒருவர் இருக்கிறார். முற்றத்தில் கதிரை போட்டு ஒழுங்கையைக் கவனிப்பதுதான் இப்போது அவருடைய கடமை. அவர்தான் முதலில் கேட்டார்.

“ஐயா, இது புது இனமோ? நுவரெலியாவால எடுப்பிச்சனீங்களோ?”

“இல்லை சார்ஜன். எங்கட பழைய கல்வாழைதான். ஏதோ வருத்தம் பிடிச்சிருக்கு.”

“அப்படி ஒரு வருத்தம் எனக்கும் வந்தால் நல்லது,” என்று அவர் தன் தலையைத் தடவினார். அவர் தலையில் மயிர் இல்லை.

நான் ஒரு இலையை வெட்டி, பொலித்தீன் பையில் சுற்றி, பஸ் ஏறி விவசாயக் கந்தோருக்குக் கொண்டு போனேன். எனக்கு முன்னால் நெல்லோடு நான்கு பேர், கத்தரியோடு இருவர் இருந்தார்கள். என் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்த அம்மணி பையைத் திறந்து பார்த்தார்.

“இது பயிரோ ஐயா?”

“பூ.”

“பூவுக்கு எங்களிட்ட ஒண்டும் இல்லை,” என்று சொன்னாலும், இலையை ஜன்னலுக்கு நேரே பிடித்து, திருப்பி, அடிப்பக்கத்தையும் பார்த்தார். “வைரஸ். கிழங்கோட தோண்டி எரியுங்கோ.”

“என்ன மருந்து அடிக்கிறது?”

“மருந்து இல்லை.”

“கொஞ்சமாவது?”

“இல்லாததைக் கொஞ்சமா எப்படி அடிக்கிறது ஐயா? வந்த செடி திரும்ப நல்லதாகாது. அடியில சாறு குடிக்கிற பூச்சி மற்றதுக்குக் கொண்டுபோகும். இதை வெட்டின கத்தியால மற்றதை வெட்டினாலும் போகும். கத்தியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதிதண்ணியில போடுங்கோ.”

“மனுசருக்கு வருமோ?”

“வராது.”

“கறிவேப்பிலைக்கு?”

“வராது.”

“பக்கத்து வளவுக் கல்வாழைக்கு?”

“அதுக்குக் கட்டாயம் வரும்.”

அந்தக் கடைசிப் பதில்தான் என்னைத் திரும்பி வரும் பஸ்ஸில் இருக்கவிடாமல் செய்தது. ஏனென்றால் எங்கள் பக்கத்து வளவு பூச்செடி வளவு. கிண்ணியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், கணவர் மௌத்தாகிய பிறகு, வீட்டைச் சுற்றியிருந்த மண்ணில் பூச்செடிகள் வளர்த்து விற்றுத்தான் குடும்பத்தை நடத்துகிறார். என்னை அண்ணன் என்பார். என் மனைவியை அக்கா என்பார். நிலாவெளியில் ஒரு ஹோட்டல் அந்த முறை அவரிடம் நூற்று நாற்பது சிவப்புக் கல்வாழைகள் கேட்டிருந்தது. அவ்வளவு பெரிய வேலை அவருக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. தாய்ச்செடிகள் பன்னிரண்டைத் தோண்டி, கிழங்குகளைத் துண்டு துண்டாக வெட்டி, பைகளில் மண் நிரப்பி நட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வளவுகளுக்கும் இடையில் இருந்தது வெறும் கம்பிவேலி. கம்பிவேலியிலிருந்து அவருடைய முதல் வரிசைப் பைகளுக்கு நான்கு முழம்தான். பூச்சிக்கு நான்கு முழம் என்ன கணக்கு?

வந்தவுடன் வேலியடியில் நின்று சொன்னேன்.

“தங்கச்சி, என்ர கல்வாழைக்கு வைரஸ். கந்தோரில சொல்லிப்போட்டினம். உங்கட பையளை அங்கால தள்ளி வையுங்கோ.”

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் செடிகளை ஒரு பார்வை பார்த்தார். “என்ன அண்ணன் செல்றீங்க? சோக்கா இரிக்கே. நோவெண்டா வாடி, சுருண்டு கெடக்கணுமே.”

“அதுதான் இந்த நோயின்ர கெட்ட குணம்.”

“அல்லா! இப்பிடி ஒரு நோவ நான் காணல்ல,” என்று சிரித்தார். ஆனாலும் பைகளைத் தள்ளி வைத்தார். அதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அன்றைக்கே ஒன்பதையும் தோண்டியிருப்பேன். மனைவி விடவில்லை. மொட்டு வந்துவிட்டது, பூவை ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று பிடிவாதமாக நின்றாள். ஞாயிற்றுக்கிழமைவரை தவணை கொடுத்தேன். அதற்கிடையில் தவறுதலாக நல்ல செடியில் கை வைத்துவிடக்கூடாது என்று, நோய்ப்பட்ட ஒன்பதின் தண்டிலும் மனைவியின் பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துணிக்கீற்று ஒவ்வொன்று கட்டினேன். கிட்டப் போகும்போது ரப்பர் கையுறை போட்டேன். திரும்பி வந்து கையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய ஸ்பிரிட் மூன்றரைப் போத்தல் வீட்டில் இருந்தது. சார்ஜன் கதிரையில் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

“ஐயா, கல்வாழைக்கு லொக்டவுணோ? ஊசி போட்டாச்சோ? மாஸ்க் ஒண்டு மாட்டிவிடுங்கோவன்.”

“நீங்கள் சிரியுங்கோ சார்ஜன். ஞாயிற்றுக்கிழமை எல்லாத்தையும் எரிக்கப்போறன்.”

“எரிக்கவோ?” சார்ஜன் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

சிவப்புத் துணி கட்டியது எவ்வளவு பெரிய பிழை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கண்ணூறு படாமல் இருக்கத்தான் நல்ல செடிக்கும் நல்ல மாட்டுக்கும் சிவப்புத் துணி கட்டுவார்கள். ஒழுங்கை முழுவதும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஐயா தன்னுடைய ஒன்பது தங்கக் கல்வாழைக்கும் காவல் கட்டியிருக்கிறார். அதற்கு மேலே, ஒருவருக்கும் கொடுக்க மனமில்லாமல் நோய் என்று கதை கட்டிவிட்டிருக்கிறார். இதுதான் பதினொரு வீட்டிலும் கதை. பத்து வீடு என்று சொல்லவேண்டும். என் வீட்டை எண்ணக்கூடாது. ஆனால் என் மனைவியும் ஏறத்தாழ அந்தக் கட்சிதான்.

பூச்செடி விஷயத்தில் எங்களிடம் இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது. கேட்டு வாங்கிய செடிக்கண்டு சரியாக வேர் பிடிக்காது. சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய் நட்டால்தான் தழைக்கும். எடுத்தவரைச் செடிக்காரர் விசாரிக்கக் கூடாது. விசாரித்தால் கண்டு பட்டுப்போகும். ஆகவே மரியாதையுள்ளவர்கள் தங்கள் செடி களவு போவதைக் கண்டாலும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நல்ல குடும்பத்து மனிதர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கள்ளர்தான்.

சனிக்கிழமை காலை எண்ணினேன். பதினேழு. மறுபடி எண்ணினேன். பதினேழு. துணி கட்டிய ஒன்பதும் இல்லை. ஒன்பது குழிகள் இருந்தன.

“மான் வந்திருக்கும்,” என்றாள் மனைவி, என் முகத்தைப் பாராமல்.

“மான் மண்வெட்டியோட வருமோ?”

“உங்களுக்கு எப்படித் தெரியும் மண்வெட்டி எண்டு?”

“குழி சதுரமா இருக்கு.”

“சில மான் அப்படித்தான்,” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். படலைக் கொக்கியை முதல்நாள் மாலையில் போடாமல் விட்டது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும்.

எனக்குச் செடி போனதில் கவலையில்லை. எரிக்க இருந்த செடிதானே. ஆனால் ஒன்பதும் இப்போது ஒழுங்கையின் எந்தெந்த மூலையில் நின்று எத்தனை பூச்சிக்குச் சாறு கொடுக்கின்றன என்று தெரியாது. எங்கிருந்தாலும் பக்கத்து வளவுக்குப் பூச்சி பறந்துவரும் தூரத்தில்தான் இருக்கவேண்டும். அந்த நூற்று நாற்பதில் ஒன்றுக்கு வரி வந்தாலும் போதும், ஹோட்டல் வேலை கெட்டுப்போகும். தாய்ச்செடிகளும் போனால் அடுத்த வருடத்துக்கு வெட்டக் கிழங்கே இருக்காது. அந்தப் பிள்ளையின் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. வழக்கப்படி நான் யாரிடமும் போய் “என் செடியை எடுத்தீர்களா” என்று கேட்கவும் முடியாது. கேட்டாலும் மான் என்பார்கள். ஒரே ஒரு வழிதான் இருந்தது. என்னிடம் களவெடுத்ததை நான் திரும்பக் களவெடுக்கவேண்டும்.

மண்வெட்டியை உரப்பைக்குள் போட்டுக்கொண்டு, குடையும் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்கை அயர்ந்திருக்கும் நேரம் பார்த்துப் புறப்பட்டேன். டெங்குக் காலம். வளவுக்குள் ஒரு மனிதன் குனிந்து பார்த்துக்கொண்டு திரிந்தால் தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பி தேடுகிறான் என்றுதான் நினைப்பார்கள். முதல் வீட்டில் ஒன்று. மூன்றாம் வீட்டில் கிணற்றடியில் ஒன்று. எட்டாம் வீட்டில் இரண்டு, அதுவும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் சாடியில் வைத்து, குங்குமம் பூசி. தேடுவதில் ஒரு வசதி இருந்தது. ஒருவரும் சிவப்புத் துணியை அவிழ்க்கவில்லை. கண்ணூறுக்குக் கட்டிய காவலை அவிழ்க்க யாருக்குத் துணிவு வரும்?

சார்ஜன் வீட்டில் மட்டும் அவர் நித்திரை கொள்ளவில்லை. நீலத் தண்ணீர்ப் பரலைக் குறுக்கே வெட்டி, அதற்குள் இரண்டு கல்வாழைகளை நட்டு, பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

“என்ன ஐயா, பையோட?”

“டெங்கு பார்க்க வந்தனான்.”

“ஆர் அனுப்பினது?”

எனக்குப் பொய் வரவில்லை. பரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் பார்த்தார். இரண்டு தண்டிலும் என் மனைவியின் பழைய சேலைத் துணி.

“ஐயா,” என்றார் சார்ஜன் மெதுவாக, “நீங்கள் இப்ப என்ர வீட்டில கண்டு களவெடுக்கப் போறியளோ?”

“ஓம்.”

“அது ஆற்ற கண்டு எண்டு கேக்கமாட்டியளே?”

“கேக்கேல்லை.”

அவர் எழுந்து கதிரையைத் தூக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “அப்ப நான் காணேல்லை. எடுத்துக்கொண்டு போங்கோ.” நான் கிழங்கோடு இரண்டையும் கிளப்பிப் பைக்குள் திணித்துக்கொண்டு படலைக்கு வந்தபோது, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “நல்லாத் தழைக்கட்டும்.”

பத்தாம் வீட்டிலும் பதினோராம் வீட்டிலும் ஒவ்வொன்று. மொத்தம் எட்டு. ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. செய்யப் போனால் தங்கள் களவைத்தானே முதலில் சொல்லவேண்டும்? அடுத்த நாள் ஒழுங்கையில் என்னைக் கண்டவர்கள் எல்லாம் வழமையைவிடக் கூடிய மரியாதையுடன் தலையாட்டினார்கள். எட்டாம் வீட்டு அம்மா மட்டும், “உங்கட வளவுப் பக்கம் மான் தொல்லை எப்படி?” என்று கேட்டார்.

“குறைஞ்சிட்டுது. உங்கட பக்கம்?”

“இப்ப எங்கட பக்கந்தான் கூட,” என்றார்.

குழி ஒன்பது. செடி எட்டு. துறைமுகத்தில் என்றால் ஒரு மூட்டை குறைந்தால் கப்பலை விடமாட்டோம். எட்டையும் உரப்பையில் கட்டி வளவு மூலையில் போட்டேன். அவை ஈரம், நெருப்புப் பிடிக்காது, கொஞ்சம் காயவேண்டும். ஒன்பதாவதைத் தேடினேன். ஒழுங்கையில் என் கால் படாத வளவு இல்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நோய் வந்தால் முதலில் அழிந்துபோவது பூச்செடிக்காரத் தங்கச்சிதானே. நெருப்புக்குப் பயந்தவன் தன் வீட்டுக் கூரையில் பந்தத்தைச் சொருகுவானா?

ஒரு காலை வேலியடியில் நின்று, பழக்கத்தில், அவருடைய பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுப் பதினெட்டுவரை வந்தபோது, குசினிக்குப் பின்னால், காயப்போட்டிருந்த படுக்கைவிரிப்பு காற்றில் தூக்கியது. அதன் பின்னால் மஞ்சள் வரி.

எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது.

“தங்கச்சி!”

அவர் ஓடி வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். படுக்கைவிரிப்பு மறுபடி இறங்கி மூடியிருந்தது. ஆனால் அவர் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

“அண்ணன், கேக்கப்படாது. கேட்டா கண்டு பட்டுப்போகும்.”

“பட்டுப்போகத்தானே வேணும்!”

“நீங்க குடுக்க விருப்பமில்லாமச் செல்றீங்க எண்டுதான் நெனச்சன். எல்லாரும் அப்பிடித்தானே செல்ற. ஹோட்டல்காரத் தம்பி போனமொற வந்தப்ப வேலியால எட்டிப் பாத்திட்டு, இது இரிக்கா, இது இரிக்கா எண்டு கேட்டுப்போட்டான். ஒண்டு பெருக்கி வெச்சா அடுத்த வருசத்துக்கு ஆகும் எண்டு...” அவர் படுக்கைவிரிப்பைத் திரும்பிப் பார்த்தார். “மெய்யாவே நோவா?”

“மெய்யா. அதைப் பிரிச்சனீங்களோ?”

“கெழங்க ரெண்டா வெட்டினன்.”

“எந்தக் கத்தியால?”

அவரிடம் இருப்பது ஒரு கத்திதான். அதுவும் எனக்குத் தெரியும். அதே கத்தியால் அதற்குப் பிறகு அந்தப் பன்னிரண்டு தாய்ச்செடிகளிலும் வெட்டி வெட்டி எத்தனை கண்டுகள் வைத்தார்? எவை அதற்கு முன் வைத்தவை, எவை பின் வைத்தவை? நூற்று நாற்பதும் ஒரே பச்சை. எல்லாம் ஒரே உயரம். பெண் அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

குந்தியபடியே பைகளை வரிசையாகப் பார்த்துவிட்டுத் தலையை உயர்த்தினார். “அண்ணன், இத வெட்டின அண்டைக்கித்தான் கறுப்புப் பை முடிஞ்ச. புதுசா வாங்கப் போன கடையில கறுப்பு இல்ல. வெள்ளதான் தந்தான்.”

நான் பார்த்தேன். வெள்ளைப் பைகள் முப்பத்தாறு. கறுப்பு நூற்று நான்கு. நான் இரண்டு முறை எண்ணினேன், அவர் ஒரு முறை எண்ணினார், மூன்றும் ஒத்துவந்தது. கறுப்பு எல்லாம் அந்தக் கத்தி களவுச் செடியைத் தொடுவதற்கு முன் வெட்டியவை. வெள்ளை எல்லாம் பின். பூச்சி என்ன செய்ததென்று கறுப்புப் பைகளிலும் இலை இலையாகப் பார்த்தோம். நான் மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியும் பிடித்தேன். எழுபத்திரண்டாவது பையில் ஒரு இலையில் மஞ்சள் கோடு. இருவரும் குனிந்து பார்த்தோம். அவர் எச்சில் தொட்டு விரலால் தேய்த்தார். போய்விட்டது. காலையில் மீனுக்குத் தடவிய மஞ்சள்தூள்.

“இனிக் கை கழுவிப்போட்டு வாங்கோ,” என்றேன்.

“நீங்க கழுவினீங்களா?” என்றார் அவர். நான் கழுவவில்லை. இருவரும் கழுவிக்கொண்டு வந்தோம்.

முப்பத்தாறு வெள்ளைப் பைகளும், பன்னிரண்டு தாய்ச்செடிகளும், படுக்கைவிரிப்புக்குப் பின்னால் இரண்டு துண்டாக நின்ற ஒன்பதாவதும், என் மூலையிலிருந்த எட்டும் அவருடைய பின்வளவில் ஒரே குவியலாயின. மேலே என் ஒன்பதும் கிடந்தன. வாடியும் வாடாமலும் அவை முன்பைவிட அழகாக இருந்ததுபோல எனக்கே தோன்றியது. மண்ணெண்ணெய் எடுத்து வர அவர் உள்ளே போனபோது, படலையில் ஹோட்டல் வான் வந்து நின்றது.

வானிலிருந்து இறங்கியவர் இளவயதுக்காரர். அழுத்திய வெள்ளைச் சேட்டு, கழுத்தில் ஹோட்டல் அட்டை. கறுப்புப் பைகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே பின்வளவுக்கு வந்தவர் குவியலைக் கண்டு நின்றார்.

“அக்கா! இதையேன் குப்பையில போட்டிருக்கிறீங்கள்? இதைத்தானே நான் அண்டைக்குக் கேட்டனான்!”

“அது நோவு தம்பி.”

“நோயோ? இருக்கட்டும். எங்கட நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில வச்சால் வெள்ளைக்காரர் நிண்டு படம் எடுப்பினம்.”

நான் இடையில் புகுந்தேன். “தம்பி, இது வைரஸ். செடி நாளாந்தம் மெலிஞ்சு, பூ சின்னனாகி, கடைசியில ஒண்டுக்கும் உதவாமப் போகும்.”

“எவ்வளவு காலத்தில?”

“ரெண்டு வருசம் இழுக்கும்.”

“ஐயா, எங்கட சீசனே அஞ்சு மாதந்தான்!”

அவர் குவியலைச் சுற்றி நடந்தார். குனிந்து என் ஐந்தாவது செடியைத் தூக்கிப் பார்த்தார். இந்த ஒன்பதையும் தந்தால், முப்பத்தாறு குறைவதை ஒரு கதையாக எடுக்கமாட்டார். அடுத்த சீசனுக்கும் வேலை இந்த அக்காவுக்குத்தான். தராவிட்டால், சொன்ன தொகை வரவில்லை என்று மேலே சொல்லவேண்டி வரும். அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.

பெண் மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் என் கவலையைத்தான் சொல்லியிருப்பேன்: நிலாவெளியில் அந்த ஹோட்டலைச் சுற்றி எத்தனை வீடு, எத்தனை படலை, எத்தனை பேர் சொல்லாமல் எடுத்துப் போவார்கள் என்று. ஆனால் வயிறு அவருடையது. முடிவும் அவருடையதுதான்.

“தம்பி,” என்றார் அவர் கடைசியில், “நான் இத இப்ப வித்தா, அடுத்த வருசமும் இதத்தான் கேப்பீங்க. இதுக்கு அடுத்த வருசம் இரிக்காது. அப்ப நோவுக்கு நான் எங்க போற?” என்று சொல்லி, போத்தலைக் குவியல்மேல் கவிழ்த்தார்.

“நில்லுங்கோ அக்கா, நில்லுங்கோ!” என்று ஹோட்டல்காரர் இரண்டு செடிகளை இழுத்தெடுத்தார். பெண் ஒரு முனையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் இருவரும் ஒரு கல்வாழைக்காக இழுபட்டார்கள். தண்டு முறிந்து சாறு சேட்டில் தெறித்ததும் ஹோட்டல்காரர் இரண்டையும் குவியலில் விட்டுவிட்டார். நெருப்புப் போட்டதும் பச்சைத் தண்டுகள் எரியவில்லை, புகைந்தன. கடற்காற்று அந்தப் புகையை நேரே எங்கள் மூவர் முகத்திலும் அடித்தது. சார்ஜன் ஒழுங்கையிலிருந்து எட்டிப் பார்த்து, “தீயணைப்புக்குச் சொல்லவோ?” என்று கேட்டார்.

ஹோட்டல்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கறுப்புப் பைகளை வானில் ஏற்றினார். நூற்று நான்கில் தொண்ணூற்று நான்கு. மிச்சம் பத்தையும் பெண் கொடுக்கவில்லை. தாய்ச்செடிகள் எல்லாம் புகைந்துகொண்டிருந்தன. இனி இந்தப் பத்தும்தான் தாய். ஹோட்டல்காரருக்கு அதுவும் பிடிக்கவில்லை. வானில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

“ஐயா, குறை நினையாதேங்கோ. இந்த நோய் வேற எங்கையாவது கிடைக்குமோ?”

“தெரியாது தம்பி. என்னிட்ட இருந்தது ஒன்பது. ஒன்பதும் அங்க எரியுது.”

அடுத்த சீசன் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

பத்துப் பைகளையும் பெண் தண்ணீர்த் தாங்கியின் மேல், வேறெந்தச் செடியும் கிட்ட வராத உயரத்தில் ஏற்றி வைத்தார். இலையில் இப்போது வரி இல்லாததால் நோய் இல்லையென்று ஆகாது. புது இலை சுருளவிழ்ந்து வந்தால்தான் தெரியும். என் முன்வளவில் பதினேழு நின்றன. அவற்றில் ஒரு வரிகூட இல்லை. இருந்தாலும் பூச்சி அங்கிருந்துதானே அந்தப் பத்துக்கும் பறக்கும்? மண்வெட்டியை எடுத்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆறாவது செடியில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டபோது, வந்து மண்வெட்டியை வாங்கி மிச்சம் பதினொன்றையும் அவளே தோண்டினாள். ஒவ்வொன்றையும் தூக்கிப் போடும்போது, “நல்ல செடி, நல்ல செடி” என்று எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள். அதன் பிறகு காலையில் எண்ணுவதற்கு எனக்கு வேலியடிதான்.

ஏணி வைத்து ஏறிப் பார்க்கும் வயது எனக்கில்லை. பெண்தான் ஏறுவார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். “ஒண்டு விரிஞ்சிட்டுது அண்ணன். பச்ச.” “நல்லாப் பாருங்கோ.” “பச்ச எண்டா பச்சதான்.” இப்படியே நான்கு, ஏழு, ஒன்பது. பத்தாவது மட்டும் நெடுநாளாகச் சுருட்டிக்கொண்டே நின்று எங்களைப் பழிவாங்கியது. அது விரிந்த காலை அவர் ஏணியில் நின்றபடியே வெயிலுக்கு நேரே இலையைத் திருப்பி, முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு கீழே பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் பிடியை விட்டுக் கைதட்டியதில் ஏணி ஆடியது. அவர் என்னை ஏசினார்.

நான் வேலியோரமாக வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது என் வயதுக்கு ஏற்ற ஓட்டத்தைத்தான். மனைவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“பத்தும் விரிஞ்சிட்டுதப்பா! பத்தும் பச்சை! ஒரு வரி இல்லை!”

அவள் துருவுவதை நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது.

“ஐயோ பாவம் அந்தப் பிள்ளை,” என்றாள். “ஒண்டு கூட வடிவா வரேல்லையோ?”